மணவீட்டு முற்றத்து ஆடல்

ஆடல், நிகழும்போதே மறைந்துபோகும் கலை. பாட்டை ஏட்டில் எழுதிவைக்கலாம். சிற்பத்தைக் கல்லில் நிறுத்தலாம். ஆடலுக்கோ ஆடுபவரின் உடலன்றி வேறு உறைவிடம் இல்லை. அதனால், ஒளிப்படக் கருவி பிறப்பதற்கு முன் மக்கள் எவ்வாறு ஆடினர் என்று அறிய விரும்புவோர் ஓவியங்களின் துணையை நாட வேண்டியிருக்கிறது. ஆயின், ஓவியம் ஆடலை மட்டும் காட்டி நிற்பதில்லை. அதைப் பார்த்தவரின் கண்ணையும் சேர்த்தே காட்டிவிடுகிறது. ஆடியவர் ஒரு நாட்டினராகவும் வரைந்தவர் மற்றொரு நாட்டினராகவும் இருந்து, அவ்விரு நாடுகளுள் ஒன்றினிடத்தே பீரங்கியும் போர்க்கப்பலும் மிகுந்திருக்குமானால், அத்தகைய ஓவியத்தைப் பொறுமையோடு படித்தல் வேண்டும்.

பிரெஞ்சு ஓவியர் யூழேன் தெலாக்ருவா வரைந்த 'மொராக்கோவில் ஒரு யூதத் திருமணம்' என்னும் ஓவியம் அத்தகையது. 1841ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துப் பெருங்கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வந்தது. இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 105 சென்டிமீட்டர் உயரமும் 140 சென்டிமீட்டர் அகலமும் உடையது. ஒரு வீட்டு முற்றம், அதில் கூடியிருக்கும் விருந்தினர், சுவரோரம் அமர்ந்த இசைக் கலைஞர்கள், ஆடும் பெண்ணொருத்தி. இவ்வளவே அதன் பொருள். பிறந்த மண்ணை விட்டு வந்து, வேற்று மொழியினரின் நடுவே பிள்ளைகளின் திருமணத்தை நடத்தும் நம் போன்ற குடும்பங்களுக்கு அந்த முற்றம் உரைக்கும் செய்திகள் சில உண்டு. அவற்றை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கீழ்த்திசை ஓவியம் என்னும் வகை

நெப்போலியன் 1798ஆம் ஆண்டு எகிப்தின்மீது படையெடுத்துச் சென்ற பின்னர், வட ஆப்பிரிக்காவும் துருக்கியும் அரபு நாடுகளும் ஐரோப்பிய ஓவியர்க்குப் பெருவிருப்பமான பொருள்களாயின. அந்தப்புரம், நீராடும் மகளிர், அடிமைச் சந்தை, பாம்பாட்டி, நாட்டியப் பெண் ஆகியவற்றை அவர்கள் அலுக்காமல் வரைந்தனர். இவற்றையே கீழ்த்திசை ஓவியங்கள் என்று கலை வரலாற்றார் வகைப்படுத்துவர்.

இவ்வகை ஓவியங்களுள் பல, கண்டு வரைந்தவை அல்ல. ஆங்க்ர் என்னும் பேரோவியர் கீழ்த்திசை நாடு எதையும் மிதித்தவர் அல்லர்; எனினும் 1862ஆம் ஆண்டு 'துருக்கியக் குளியலறை'யை வரைந்து புகழ் பெற்றார். ழெரோம் என்பார் நேரில் பயணம் செய்தவரே. ஆயினும் அவர் 1879ஆம் ஆண்டு அளவில் வரைந்த 'பாம்பாட்டி' ஓவியத்தில், எகிப்திய வழக்கமான பாம்பாட்டத்தை இஸ்தான்புல் அரண்மனையின் நீல ஓட்டுச் சுவருக்கு முன் நிறுத்திவிட்டார். ஒவ்வோர் ஓடும் துல்லியம். காட்சியோ எங்கும் நிகழாத ஒன்று. எட்வர்ட் சையித் என்னும் அறிஞர் கீழ்த்திசையியலைக் கண்டித்து 1978ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் அட்டையை அந்த ஓவியமே அலங்கரித்தது. மேலையோர் கீழ்த்திசையைப் பற்றிப் படைத்த அறிவும் கலையும் ஆதிக்கத்தின் துணைக்கருவிகளாகவும் விளங்கின என்பது அந்நூலின் சாரம். 1983ஆம் ஆண்டு லிண்டா நாக்லின் என்னும் அம்மையார் அக்கருத்தை ஓவிய ஆய்வுக்கு விரித்து எழுதினார். இத்தகைய ஓவியங்களில் ஐரோப்பியர் ஒருவரும் தென்படுவதில்லை. பார்ப்பவரே இல்லாதது போன்ற ஒரு தோற்றத்தை அவை உண்டாக்குகின்றன என்று அவர் சுட்டினார்.

இந்த ஆய்வுகள் நம் கண்ணைத் திறந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லா ஓவியங்களையும் ஒரே கூடையில் போட்டுக் கட்டிவிடுவதும் பொருந்தாது. தெலாக்ருவாவின் மணவீட்டைத் தனியே விசாரித்துத்தான் தீர்ப்புக் கூற வேண்டும்.

வாயிலைத் திறந்தவர்

1830ஆம் ஆண்டு பிரான்சு அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியது. அண்டை நாடான மொராக்கோ அதனால் கலக்கமுற்றது. மொராக்கோவின் சுல்தான் அப்துர் ரகுமானோடு பேசி, அல்ஜீரிய விவகாரத்தில் அவர் தலையிடாதவாறு உறுதி பெறுவதற்காகக் கோமகன் மோர்னே என்பவரின் தலைமையில் ஒரு தூதுக்குழுவைப் பிரெஞ்சு அரசு அனுப்பியது. அவரோடு உடன் சென்றவர் தெலாக்ருவா. அப்பொழுது அவருக்கு வயது 33. 1832ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் குழு தாஞ்சியர் துறைமுகத்தில் இறங்கியது. சுல்தானைக் காண மெக்னெஸ் நகருக்குச் செல்வதற்கு இசைவு வரும்வரை அவர்கள் வாரக்கணக்கில் தாஞ்சியரிலேயே காத்திருந்தனர்.

காத்திருந்த அந்நாள்களில் ஓவியர் தெருத்தெருவாக அலைந்தார். மூர்கள் எனப்படும் அந்நாட்டு முஸ்லிம்கள் தம்மை ஒருவன் வரைவதை விரும்பவில்லை. அவர்தம் இல்லத்து மகளிரை அயலார் காண்பதோ அறவே இயலாத செயல். இந்நிலையில் அவருக்கு ஒரு வீட்டின் கதவு திறந்தது. பிரெஞ்சுத் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஆபிரகாம் பென்ஷிமோல் என்னும் யூதரின் வீடு அது. அவர் மனைவி சாதாவையும் மகள் பிரெசியாதாவையும் தெலாக்ருவா நீர்வண்ணத்தில் வரைந்தார். அவ்வோவியம் இப்பொழுது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1832 பிப்ரவரி 21ஆம் நாள் யூதத் திருமணம் ஒன்றை அவர் கண்டதும் பென்ஷிமோலின் துணையாலேயே ஆகும்.

மொழிபெயர்ப்பாளர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவு புதுச்சேரிக்குச் செல்லும். பிரெஞ்சுக்காரர்க்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு நம்மிடம் உள்ளது. அதில் ஒரு துபாஷியின் கண் வழியே பிரெஞ்சுக்காரரைக் காண்கிறோம். தாஞ்சியரில் நிகழ்ந்தது அதன் மறுதலை. அங்கே ஒரு பிரெஞ்சுக்காரரின் கண் வழியே துபாஷியின் இல்லத்தையும் சுற்றத்தையும் காண்கிறோம். இரண்டிலும் பொதுவானது ஒன்று: இரு மொழியும் அறிந்த ஒருவர் வாயிலில் நின்று, உள்ளே இருப்பதை வெளியே இருப்பவர்க்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஓவியத்தின் அடியில் தெலாக்ருவாவின் பெயர் மட்டுமே இருக்கிறது. ஆனால் பென்ஷிமோல் அழைத்துச் செல்லாவிடில் அந்த ஓவியம் பிறந்திராது.

முற்றமும் மக்களும்

இனி ஓவியத்திற்குள் நுழைவோம். வெள்ளையடித்த உயர்ந்த சுவர்கள் சூழ்ந்த திறந்த முற்றம். மாடியில் பச்சை வண்ணம் பூசிய மரவேலைப்பாடு. அங்கிருந்து சிலர் கீழே எட்டிப் பார்க்கின்றனர். கீழே இருபுறமும் விருந்தினர் நெருங்கி இருக்கின்றனர். சுவரின் அடியில், நேர் நடுவே, இசைக் கலைஞர்கள் அமர்ந்திருக்கின்றனர். நடுத்தரையில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்கிறது. அந்த வெற்றிடத்தின் விளிம்பில் ஒரு பெண் ஆடுகிறாள்.

அவளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ழெரோம் போன்றோரின் ஓவியங்களில் ஆடும் பெண் நம்மை நோக்கியே ஆடுவாள். விளக்கொளி முழுதும் அவள்மீதே விழும். அவள் உடல் நம் பார்வைக்காகவே அங்கு நிறுத்தப்பட்டிருக்கும். இங்கோ பேரொளி வெள்ளைச் சுவரின்மீது விழுகிறது. ஆடுபவளின் உடல் முழுதும் ஆடையால் மூடியிருக்கிறது. அவள் கூட்டத்தில் ஒருத்தி. சற்றுமுன் உட்கார்ந்திருந்தவள் இப்பொழுது எழுந்திருக்கிறாள், சற்றுப் பின் மீண்டும் உட்கார்ந்துவிடுவாள் என்று தோன்றுகிறது. அவளைப் பார்ப்பவர் சிலர். தம்முள் பேசிக்கொண்டிருப்பவர் சிலர். எந்த மணவீட்டிலும் அப்படித்தானே!

1841ஆம் ஆண்டுக் கண்காட்சியின் கையேட்டில் ஓவியத்திற்கு ஒரு சிறு விளக்கம் அச்சாயிற்று. மூர்களும் யூதர்களும் கலந்திருக்கின்றனர் என்றும், மணமகள் உள்ளறையில் அடைபட்டிருக்க மற்றையோர் வீடெங்கும் மகிழ்ந்திருக்கின்றனர் என்றும், மதிப்புமிக்க மூர்கள் இசைக் கலைஞர்க்குப் பணம் தருகின்றனர் என்றும், அக்கலைஞர்கள் இரவும் பகலும் ஓயாது வாசித்துப் பாடுகின்றனர் என்றும், ஆடுபவர் பெண்கள் மட்டுமே, அவர்கள் ஒருவர்பின் ஒருவராக, அவையோர் பாராட்ட ஆடுகின்றனர் என்றும் அந்த விளக்கம் கூறுகிறது.

இதனை ஊன்றிப் பார்த்தால் ஆடலின் இலக்கணமே வெளிப்படுகிறது. ஆடுபவர் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் அல்லர். மணவீட்டைச் சேர்ந்த மகளிர். பணம் பெறுவோர் இசைப்போர் மட்டுமே. ஒருவர்பின் ஒருவராக ஆடுதல் என்பது முறை. வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பெண்ணும் தன் பங்காக அந்த மகிழ்ச்சிக்கு ஒரு சிறு ஆட்டத்தை அளிக்கிறாள். நம் ஊர்களில் திருமணத்திற்கு வந்தவர் மொய் எழுதுவதையும், நலங்கின்போது உறவுப் பெண்கள் முறைவைத்துப் பாடுவதையும் அறிந்தவர்க்கு இது அயலான செய்தியாகத் தோன்றாது. அரங்கத்து நாட்டியம் என்று எண்ணிக்கொண்டு இந்த ஓவியத்தைப் பார்ப்போர் ஏமாற்றமடைவர். சடங்கின் ஓர் உறுப்பு என்று உணர்ந்து பார்ப்போர்க்கே அவள் ஏன் அவ்வளவு அடங்கிய தோற்றத்தில் இருக்கிறாள் என்பது விளங்கும்.

மூர்களும் யூதர்களும் கலந்திருக்கின்றனர் என்ற தொடரையும் எளிதாக விட்டுவிடலாகாது. மொராக்கோவின் பல நகரங்களில் அன்று யூதர்கள் தனிக் குடியிருப்பில் வாழவும், கருநிற உடை அணியவும், மசூதிகளின் முன் காலணியின்றி நடக்கவும் கட்டாயம் இருந்தது. தாஞ்சியரில் சுவர் எழுப்பிய தனிக் குடியிருப்பு இல்லை. எனினும் இரு சமூகத்தாரும் சம நிலையினர் அல்லர். அந்த நாட்டில், ஒரு யூத வீட்டுத் திருமணத்திற்கு மூர்கள் வந்து அமர்ந்து, கலைஞர்க்குப் பரிசும் தருகின்றனர். கீழ்த்திசையைக் கொடுமையும் சோம்பலும் நிறைந்த உலகமாகவே காட்டுவது பல ஓவியர்க்கு வழக்கமாகிவிட்டிருந்தது. அக்காலத்தில், அண்டைவீட்டார் உறவு என்னும் எளிய உண்மை இவ்வோவியத்தில் பதிவாகியிருப்பது போற்றத்தக்கது. அந்த உறவு நாட்டின் சட்டத்தை மாற்றிவிடவில்லை என்பதையும் உடன் நினைவில் கொள்ளல் வேண்டும்.

காணாத மணமகள்

ஓவியத்தின் பெயர் திருமணம்; அதில் மணமகள் இல்லை. இதுவே இவ்வோவியத்தின் உயிர்நிலை என்று கருதுகிறேன்.

மணமகளைப் பற்றித் தெலாக்ருவா அறியாதவர் அல்லர். 1842ஆம் ஆண்டு பாரிஸ் இதழ் ஒன்றில் அவரே இத்திருமணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முகத்தில் வண்ணம் தீட்டப்பெற்று, கண்களைத் திறவாமல், எகிப்தியச் சிலை போல அசைவற்று மணமகள் இருக்க வேண்டும் என்றும், இரவில் விளக்குகளோடு கணவன் வீட்டுக்கு அழைத்துச் செல்லும்போதும் அவள் கண்களை மூடியபடியே நடக்க வேண்டும் என்றும் அதில் விவரித்தார். கண் மூடிய மணப்பெண், வண்ணம் தீட்டிய முகம், தீப்பந்தம் சூழ்ந்த இரவு ஊர்வலம்: கீழ்த்திசை ஓவியர் ஒருவர்க்கு இதைவிடக் கவர்ச்சியான பொருள் வேறு கிடைக்குமா? பாரிஸ் மக்களும் அதைத்தான் பெரிதும் விரும்பியிருப்பர். இருந்தும் அவர் பெரிய ஓவியத்திற்குத் தேர்ந்துகொண்டது பகலில், திறந்த முற்றத்தில், விருந்தினர் அமர்ந்திருக்கும் பொழுதை.

சடங்கின் மையம் எதுவோ அது உள்ளே இருக்கிறது. விருந்தினர்க்கு உரியது முற்றம். வந்த விருந்தினர் எந்த எல்லைவரை செல்லலாமோ அந்த எல்லையில் ஓவியமும் நின்றுவிடுகிறது. 1834ஆம் ஆண்டு இவரே வரைந்த 'அல்ஜியர்ஸ் மகளிர்' ஓவியத்தில் பார்வை அந்தப்புரத்தின் உட்புறம்வரை நுழைந்தது. அல்ஜியர்ஸ் அப்பொழுது பிரான்சின் பிடியில் இருந்த நகரம். தாஞ்சியர் அவ்வாறு இல்லை. வென்றவர் நாட்டான் ஒருவன் நுழையும் வீட்டுக்கும், விருந்தினனாக ஒருவன் நுழையும் வீட்டுக்கும் உள்ள வேற்றுமை இவ்விரண்டு ஓவியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் புலனாகும்.

குறிப்பும் வரைவும்

தெலாக்ருவா மொராக்கோவில் சிறு சிறு ஏடுகளை உடன் வைத்திருந்தார். கோட்டுச் சித்திரமும் எழுத்தும் கலந்த ஏடுகள் அவை. திருமண நாளின் குறிப்பில், வயலின் வாசிப்பவரின் எந்தக் கை நிழலில் இருந்தது, தலையில் இட்ட துணி எங்கே ஒளி ஊடுருவுமாறு இருந்தது, யார் மேற்சட்டை சிவப்பு என்பன போன்ற விவரங்களைச் சுருங்கக் குறித்திருக்கிறார். அடுக்கடுக்காக அமர்ந்திருந்த பெண்களைப் பூத்தொட்டிகளுக்கு ஒப்பிடவும் செய்கிறார். அழகான உவமைதான், ஆனால் பூத்தொட்டிக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை. வந்தவர் கண் எங்கே குறைவுடையது என்பதையும் அவர் குறிப்பே நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய நம்மில் பலர்க்கு ஓர் உண்மை தெரியும். குறிப்பு ஒன்று, அதிலிருந்து இறுதியில் உருவாகும் வரைவு வேறு. இடையில் சில செய்திகள் விடுபடும்; விடுபட்டவை எவை என்று பார்த்தால் எழுதியவரின் மனம் விளங்கும். இங்கே குறிப்புக்கும் கண்காட்சிக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். ஆப்பிரிக்கப் பயணத்தின் சிறு விவரங்கள் மறந்துபோன பின்னரே அதைப் பற்றி உருப்படியாக வரைய முடிந்தது என்ற பொருள்பட, 1853ஆம் ஆண்டு நாட்குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். ஆகவே இந்த ஓவியத்தை ஒரு நாளின் நேர்ப்பதிவு என்று கொள்வது தவறு. அது நினைவில் நெடுங்காலம் ஊறிய காட்சி.

அந்த ஊறலில் விடுபட்டவர் யார்? கோமகன் மோர்னேயும் தெலாக்ருவாவுமே! ஓவியத்தில் ஐரோப்பிய உடை தரித்த ஒருவரையும் காண முடியவில்லை. தூதுக்குழுவின் பிரெஞ்சுக்காரர்கள் வந்திருந்த ஒரு மணவீட்டில், எல்லாரும் அவர்களை மறந்து இயல்பாக இருந்திருப்பர் என்று எண்ண இயலுமா? அவர்களுக்கென்று நல்ல இருக்கை இட்டிருப்பர். ஆடியவரும் ஆடாதவரும் அவர்களை ஓரக்கண்ணால் பார்த்திருப்பர். ஓவியர் தம்மை நீக்கிக்கொண்டதால் காட்சி தூயதாகத் தோன்றுகிறது. ஆனால் அந்தத் தூய்மை செய்துகொண்ட தூய்மை. நாக்லின் அம்மையாரின் கண்டனம் இந்த அளவுக்குத் தெலாக்ருவாவுக்கும் பொருந்தும்.

அதே ஆண்டுகளில் பாரிசில்

தெலாக்ருவாவின் மனத்தில் மொராக்கோ ஊறிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேயே, 1838இல், பாரிஸ் நகரத்திற்கு ஒரு தமிழ்க் குழு வந்து சேர்ந்தது. கடலூரை அடுத்த திருவந்திபுரத்தைச் சேர்ந்த ஆடல் மகளிர் ஐவரும் இசைக் கலைஞர் மூவரும் கொண்ட குழு அது. ஒப்பந்தம் பேசி அவர்களை அழைத்துச் சென்றவர் ஒரு பிரெஞ்சு வணிகர். அரசர் லூயி பிலிப்பின் முன்னிலையில் அவர்கள் ஆடினர். பின்னர் வாரியத்தே என்னும் நாடக அரங்கில் கட்டணம் செலுத்திய மக்களின் முன் ஆடினர். அவர்களுள் அம்மணி என்ற இளம்பெண்ணைத் தெயோஃபில் கோத்தியே என்னும் எழுத்தாளர் வியந்து எழுதினார். ஒகுஸ்த் பார் என்னும் சிற்பி அவளது உருவத்தை வெண்கலத்தில் வடித்தார். குழு பின்னர் இலண்டனுக்கும் சென்று ஆடியது.

தமிழ்ப் பெண்ணின் ஆடல் பாரிசில் பாராட்டுப் பெற்றது நமக்குப் பெருமையே. ஆயினும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். திருவந்திபுரத்துப் பெருமாள் முன்னிலையில் ஆடலுக்கு ஒரு பொருள் உண்டு. நாள் உண்டு, நேரம் உண்டு, ஏன் ஆடுகிறோம் என்பதை அறிந்த ஊர் உண்டு. வாரியத்தே அரங்கில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அங்கே எஞ்சியது உடலும் அசைவும் ஆடையும் மட்டுமே. கோத்தியே எவ்வளவு வியந்தாலும், அவர் வியந்தது வேரோடு பெயர்த்துக் கொணர்ந்த செடியை. தாஞ்சியரின் முற்றத்திலோ ஆடல் தன் இடத்திலேயே நிகழ்ந்தது. பெயர்ந்து வந்தவர் ஓவியரே. ஒரு சடங்கு ஆடலை அயலார் அறிந்துகொள்ள இரண்டு வழிகள் இருந்தன. ஆடலை அரங்கிற்குக் கொண்டுவருவது ஒன்று, ஆடும் இடத்திற்குத் தாமே செல்வது மற்றொன்று. இரண்டாவதில்தான் ஆடலோடு அதன் சுற்றமும் கண்ணில் படுகிறது.

அண்ணனும் தம்பியும்

இவ்வளவு கூறியபின் ஒரு வரலாற்றுச் செய்தியை மறைப்பது முறையன்று. 1841ஆம் ஆண்டு இந்த ஓவியத்தை விலைகொடுத்து வாங்கி, அரசின் லக்சம்பூர்க் அருங்காட்சியகத்திற்கு அளித்தவர் ஆர்லியன்ஸ் கோமகன். அரசர் லூயி பிலிப்பின் மூத்த மகன். மறு ஆண்டே அவர் வண்டி விபத்தில் இறந்தார். 1844 ஆகஸ்டு 6ஆம் நாள், அல்ஜீரிய விடுதலை வீரர் அப்துல் காதிருக்கு மொராக்கோ துணைநின்றது என்ற காரணத்தால், பிரெஞ்சுக் கடற்படை தாஞ்சியர் நகரைப் பீரங்கியால் தாக்கியது. அக்கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் ழுவான்வீல் இளவரசர். ஆர்லியன்ஸ் கோமகனின் உடன்பிறந்த தம்பி.

அண்ணன் வாங்கிப் போற்றிய ஓவியத்தின் ஊரைத் தம்பி தாக்கினார். பாரிஸ் மக்கள் அந்த வெள்ளைச் சுவரின் ஒளியை வியந்து நான்காண்டுகள்கூட நிறையவில்லை. ஒரு மக்களின் சடங்கை அழகென்று காண்பதும், அவர்தம் ஊரைத் தாக்கத் துணிவதும், ஒரே குடும்பத்தில், ஒரே காலத்தில் இயலும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. ஓவியரின் பரிவு உண்மையானது. அந்தப் பரிவுக்கு ஒரு குண்டையேனும் தடுக்கும் ஆற்றல் இல்லை என்பதும் உண்மையே. கீழ்த்திசை ஓவியங்களை வெறும் ஏமாற்று என்போரும் வெறும் கலை என்போரும் இவ்விரண்டனுள் ஒன்றை மறந்துவிடுகின்றனர்.

பெயர்ந்து வந்தோரின் சடங்கு

இனி இந்த ஓவியத்தில் நம் நெஞ்சுக்கு மிக நெருங்கிய செய்தியைக் காண்போம். தெலாக்ருவாவின் பார்வையில் தாஞ்சியரின் யூதர்கள் அந்த மண்ணோடு மண்ணாக என்றும் இருந்தவர்கள். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1492ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு அரசர்கள், கிறித்தவத்தைத் தழுவாத யூதர்கள் அனைவரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டனர். அவர்களுள் பலர் கடல் கடந்து மொராக்கோவில் குடியேறினர். வடபகுதியில் தெத்துவான் நகரம் அவர்களின் பெருநிலையமாயிற்று. அங்கிருந்து தாஞ்சியருக்கும் குடும்பங்கள் பரவின. ஆகவே அந்த முற்றத்தில் நாம் காண்பது 340 ஆண்டுகளுக்கு முன் ஊரைவிட்டுப் பெயர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் நடத்தும் திருமணம்.

அவர்கள் எவற்றைக் காத்துவைத்திருந்தனர்? வீட்டில் பேசும் மொழியைக் காத்தனர். எபிரேயமும் அரபும் கலந்த பழைய ஸ்பானியம் அது, ஹக்கித்தியா என்பது அதன் பெயர். மணமகளின் ஆடையைக் காத்தனர். பொன்னிழையால் பூவேலை செய்த மகமல் ஆடை, அரபு மொழியில் 'பெரிய உடை' என்று வழங்கும். திருமணத்தின் முறைகளைக் காத்தனர். அதே வேளையில் மொராக்கோவின் இசைக்கருவிகளும் விருந்தோம்பலும் அண்டைவீட்டாரும் அந்தச் சடங்குக்குள் வந்து கலந்தன. காத்ததும் கலந்ததும் சேர்ந்தே அந்த ஆடல் ஆயிற்று. ஓவியர் 'கீழ்த்திசை' என்று கண்டதில் ஒரு பகுதி, தம் அண்டை நாடான ஸ்பெயினிலிருந்து வந்தது என்பதை அவர் உணரவில்லை.

அம்மக்கள் இன்று அங்கே பெரும்பாலும் இல்லை. 1948ஆம் ஆண்டு அளவில் மொராக்கோவில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் யூதர்கள் வாழ்ந்தனர். இஸ்ரேல் நாடு தோன்றியதும், 1956இல் மொராக்கோ விடுதலை பெற்றதும், 1967ஆம் ஆண்டுப் போரும் அடுத்தடுத்து வர, அவர்கள் இஸ்ரேலுக்கும் பிரான்சுக்கும் கனடாவுக்கும் ஸ்பெயினுக்கும் தென் அமெரிக்காவுக்கும் பெயர்ந்து சென்றனர். இப்பொழுது எஞ்சியிருப்பவர் சில ஆயிரவரே. ஒரு காலத்தில் வெறும் கேளிக்கைக் காட்சியாகப் பாரிஸ் மக்கள் பார்த்த அந்த ஓவியம், இன்று அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு மூதாதையர் முற்றத்தைக் காட்டும் சாளரமாகிவிட்டது. வரைந்தவர் எண்ணாத பொருளைக் காலம் அதற்குத் தந்திருக்கிறது.

நாம் கற்க வேண்டியது

அயலார் வரைந்த நம் படங்களைக் கண்டு சினங்கொள்வது எளிது. அவர் பாராட்டியதால் பெருமை கொள்வதும் எளிது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்தக் காட்சிக்குள் அவரை அழைத்துச் சென்றவர் யார்? எந்த வாயிலில் அவர் நின்றார்? அவர் கண்ணுக்குப் படாமல் உள்ளே இருந்தது எது? தாஞ்சியர் ஓவியத்தை இக்கேள்விகளோடு அணுகும்போது, பென்ஷிமோல் வெளிப்படுகிறார்; முற்றத்தின் எல்லை வெளிப்படுகிறது; காணாத மணமகள் வெளிப்படுகிறாள்.

இந்நகரங்களில் வாழும் நம் இல்லங்களிலும் அதே வாயில் இருக்கிறது. வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நம் மகளின் திருமணம் நடக்கிறது. பஞ்சாபியரும் வங்காளியரும் மராத்தியரும் வந்து முன்வரிசையில் அமர்கின்றனர். முளைப்பாலிகை எதற்கு, அரசாணிக்கால் எதற்கு, நலங்கில் பெண்கள் ஏன் கேலிப்பாட்டுப் பாடுகின்றனர் என்று அன்போடு கேட்கின்றனர். அவ்வேளையில் நம்முள் ஒவ்வொருவரும் ஒரு பென்ஷிமோல். வாயிலில் நின்று உள்ளிருப்பதை விளக்க வேண்டிய துபாஷி. பெரும்பாலும் நாம் தரும் விடை, 'அது எங்கள் வழக்கம்' என்பதோடு முடிந்துவிடுகிறது. நம் பிள்ளைகளும் அந்த விடையையே கேட்டு வளர்கின்றனர்.

விருந்தினர் படம் எடுத்துச் செல்லட்டும், வியந்து எழுதட்டும், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் இல்லாதது எது என்று சொல்லத் தெரிந்தவர் வீட்டில் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். பாட்டியிடம் நலங்குப் பாட்டை எழுதி வாங்குவதும், முறைகளுக்குப் பெரியோர் கூறும் காரணத்தைக் கேட்டு ஏட்டில் குறிப்பதும் பெரும்பொருள் வேண்டும் செயல்கள் அல்ல. இவ்வாண்டு விடுமுறைக்கு ஊர் செல்லும்போதே தொடங்கிவிடலாம். தாஞ்சியரின் பேரப்பிள்ளைகள் தம் முற்றத்தைக் காண லூவர்வரை செல்ல வேண்டியிருக்கிறது. நம் பேரப்பிள்ளைகளுக்கு அது வீட்டிலேயே கிடைக்கட்டும்.